மகள் வீட்டில் எத்தனை நாள்?

அம்மா எங்களோடு பெங்களூரில் இருக்க ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது. ஆனாலும் லிஃப்டில் யாராவது கேட்டால், "சும்மா மக வீட்டுக்கு வந்திருக்கேன், அடுத்த மாசம் ஊருக்குப் போயிருவேன்" என்றுதான் சொல்வாள். கட்டிலுக்கு அடியில் ஒரு பை எப்போதும் தயாராக இருக்கும். பாலுக்கும் காய்க்கும் ஆகும் காசைக் குடும்ப ஓய்வூதியத்தில் இருந்து எடுத்து, மாதம் பிறந்ததும் ஃபிரிட்ஜ் மேல் ஒரு டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவாள்; நான் எடுக்காவிட்டால் அது அடுத்த மாதக் காசோடு சேர்ந்து அங்கேயே கிடக்கும். என் கணவர் ஹாலில் இருந்தால் சோபாவில் உட்கார மாட்டாள். "அத்தை, இங்க வந்து உட்காருங்க, சீரியல் ஆரம்பிச்சிருச்சு" என்று அவர் கூப்பிட்டாலும், "இருக்கட்டும் மாப்பிள்ள, இங்கயே தெரியுது" என்று சாப்பாட்டு மேசை ஓரத்தில் இருந்து கழுத்தைச் சாய்த்துப் பார்ப்பாள். கல்லிடைக்குறிச்சியில் தம்பி வீட்டு நடையில் உட்கார்ந்துகொண்டு பால்காரர் முதல் பேரன் வரை எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தவளும் இதே அம்மாதான்.

இடுப்பெலும்பு உடைந்த பிறகு அந்த வீடு அவளுக்கு ஒத்துவரவில்லை. கழிப்பறை கொல்லைப்புறத்தில், படி இறங்கிப் போக வேண்டும். இங்கே லிஃப்ட் இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார், நானும் வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறேன். அம்மா என்னோடு இருப்பதுதான் சரி என்பதில் தம்பிக்கும் எனக்கும் ஒரு மறுபேச்சும் இல்லை. தொல்லையெல்லாம் வெளியில் இருந்துதான். சொந்தத்தில் யாராவது போன் போட்டு, "குத்துக்கல்லாட்டம் மகன் இருக்கையில, மக வீட்டுல எத்தன நாளைக்கு இருப்ப?" என்று கேட்டுவிடுவார்கள். அன்று ராத்திரி அம்மா சரியாகச் சாப்பிட மாட்டாள்.

இது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. ஹோசா ரோடு பக்கம் எங்கள் குடியிருப்பில் சாயங்காலமானால் கீழே பெஞ்சுகளில் பாட்டிகள் கூடிவிடுவார்கள். விஜயவாடா, கான்பூர், கொல்கத்தா, தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், முக்கால்வாசிப் பேர் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரவழைக்கப்பட்டவர்கள். கான்பூர் பாட்டி மகன் வீட்டில் இருக்கிறார். தன் அப்பா கடைசி வரை மகள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை, கூஜாவில் தண்ணீர் கொண்டுவருவார் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னார். கன்னிகாதானம் செய்து கொடுத்துவிட்ட இடத்தில் எதையும் திருப்பி வாங்கக்கூடாதாம். நான் அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, ஏன்தான் சொன்னேனோ என்று ஆகிவிட்டது.

இந்த விஷயத்தில் என்னைப் பார்த்து முதலில் சிரித்தவள் ஆபீஸில் என் டீமில் இருக்கும் ஷில்லாங் பெண். அவள் மேகாலயாவின் காசி இனத்தைச் சேர்ந்தவள். அம்மா கதையை ஒருநாள் புலம்பியபோது, "உங்க வீட்டுல கடைசிப் பொண்ணு யாரு?" என்று கேட்டாள். முதலும் கடைசியும் நான்தான் என்றேன். "அப்புறம் என்ன பிரச்சினை?" என்றாள், நிஜமாகவே புரியாமல்.

அவர்கள் வழக்கப்படி பிள்ளைகள் அம்மாவின் குலப்பெயரைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். பூர்வீக வீடு கடைசி மகளுக்கு. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வது, வீட்டுச் சடங்குகளை நடத்துவது, வீடு வாசல் இல்லாமல் திரும்பி வரும் அண்ணன் அக்காவுக்கு ஒரு இடம் கொடுப்பது, இது எல்லாமே அவள் பொறுப்பு. வீடு அவள் கையில் இருந்தாலும் இஷ்டத்துக்கு விற்றுவிட முடியாது, தாய்மாமனின் பேச்சுக்கு அங்கே கனம் அதிகம். பெண்கள் ராஜ்ஜியம் என்று யாரும் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். ஊர்ச் சபைகளில் காலங்காலமாக ஆண்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்களுக்குச் சொத்தும் இல்லை, பிள்ளைகளுக்குத் தங்கள் பெயரும் இல்லை என்று குறைப்பட்டுச் சங்கம் வைத்துப் போராடும் ஆண்களும் அங்கே இருக்கிறார்கள். எனக்கு மனதில் நின்றது வேறொன்று. என் டீம் பெண் நடுப்பிள்ளை. தங்கை ஷில்லாங்கில் இருப்பதால்தான் அவளால் பெங்களூரில் இருக்க முடிகிறது. தங்கைக்கு இந்த மாதிரி ஊர் விட்டு ஊர் வந்து வேலை பார்க்கும் வாய்ப்பு அநேகமாகக் கிடையாது. ஆனால் வீடு தங்கைக்குத்தான். வேலை யாருக்கோ வீடும் அவளுக்கு, அவ்வளவுதான் கணக்கு.

அதுக்கு ஷில்லாங் வரை போக வேண்டியதில்லை. எதிர் வீட்டுக்காரர்கள் மங்களூர்ப் பக்கத்து பண்ட் சமூகத்தினர். துளுநாட்டில் அவர்களுக்கு இருந்த அளியசந்தான முறையில் சொத்து தாய்வழியில்தான் இறங்கியது, மாமனிடம் இருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்கு. அந்தப் பகுதி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததால் 1949-இல் அதற்கென்றே மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. கேரளத்து நாயர்களின் தறவாடு என்ற தாய்வழிக் கூட்டுக் குடும்பமும், மருமக்கத்தாயம் என்ற தாய்வழி வாரிசு முறையும் எல்லோருக்கும் தெரிந்த கதை. கூட்டுக் குடும்ப முறையை ஒழித்து கேரளம் 1975-இல் சட்டம் இயற்றி, அடுத்த வருடம் அமலுக்குக் கொண்டுவந்தது.

சரி, அவர்களெல்லாம் வேறு ஆட்கள், நாம் தமிழர்கள், நமக்கு என்று ஒரு பண்பாடு இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்தில் முஸ்லிம் குடும்பங்களில் வீடு மகளுக்குத்தான். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அவர்களும் நம்மைப் போலத் தமிழ் பேசி, நாம் குடிக்கும் தாமிரபரணித் தண்ணீரைக் குடிப்பவர்கள்தான். யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் 1707-இல் தொகுத்த தேசவழமை என்ற வழக்கச் சட்டத்தைப் பார்த்தால், அம்மாவின் சீதனச் சொத்து மகள்களின் சீதனமாக இறங்குகிறது. அங்கே பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக்கொடுப்பது இன்றைக்கும் சாதாரணம். மட்டக்களப்பில் குடி என்கிற குலமே தாய்வழியில்தான் எண்ணப்படுகிறது. அங்கெல்லாம் போய் "மக வீட்டுல எத்தன நாளைக்கு?" என்று கேட்டால், "வேற எங்க இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆக, போன் போட்டு அம்மாவின் சாப்பாட்டைக் கெடுக்கிறவர்கள் 'நம்ம பண்பாடு' என்று சொல்வது தமிழர்களிலேயே எல்லோருக்கும் பொதுவாக இல்லாத ஒரு வழக்கத்தைத்தான்.

பாசம் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஊருக்கு ஊர் மாறுவது இரண்டு விஷயம்: பார்த்துக்கொள்ளும் வேலை யார் தலையில், சொத்து யார் கையில். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் போய்ச் சேரும் ஊர்களும் உண்டு. நம்மிடம் வீடு மகனுக்கு, பொறுப்பின் பெயர் மகனுக்கு, வேலை மருமகளுக்கு. இப்போது மகள்களும் சம்பாதித்து நகரங்களுக்கு வந்துவிட்டதால் வேலை அவர்களுக்கும் வருகிறது. வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அப்பா போன பிறகு, சொத்தில் என் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் நானும் கையெழுத்துப் போட்டவள்தான். அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை, அதை ஒட்டிப் பத்திர எழுத்தரின் அறை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. எழுத்தர் பத்திரத்தை ஒரு மூச்சில் வாசித்தார். 'என் முழு மனதுடனும் யாருடைய தூண்டுதலும் இன்றியும்' என்ற இடம் வந்தபோது மட்டும் தலையைத் தூக்கிக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எத்தனை பெண்களை அப்படிப் பார்த்திருப்பாரோ. உள்ளே கூப்பிட்டார்கள், கட்டைவிரலை ரேகைக் கருவியில் வைத்தேன், விரல் வியர்த்திருந்ததால் பதியவில்லை, அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள், மறுபடி வைத்தேன். வெப்கேமைப் பார்க்கச் சொன்னார்கள். முடிந்ததும் அம்பாசமுத்திரத்தில் ஒரு ஓட்டலில் எல்லோரும் சாப்பிட்டோம், தம்பி ஒரு பட்டுச்சேலைப் பையைக் கையில் கொடுத்தான். "அக்கா, இது உன் வீடும்தான்" என்றான். அவன் மனதாரத்தான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கையெழுத்துப் போட்டதில் இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை. நான் விட்டுக்கொடுத்ததை ஏமாந்ததாக நினைக்கவில்லை, அது ஒரு பேரம். நிலத்தை விட்டால் பிறந்த வீடு நிலைக்கும். பொங்கல் சீர் வரும், பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி இருக்கும், நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் ஓடிவர ஒரு ஆள் இருப்பான். தெற்காசியப் பெண்களின் நிலவுரிமை பற்றி ஆராய்ந்த பொருளாதார அறிஞர் பினா அகர்வால் 1990-களிலேயே இதைச் சொல்லிவிட்டார்: சகோதரர்களின் ஆதரவு என்ற காப்பீட்டுக்காகத்தான் பெண்கள் தங்கள் பங்கைக் கேட்காமல் இருக்கிறார்கள் என்று. பத்திரத்தில் எழுதாத இந்தப் பேரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்பது அதில் வரவே இல்லை. வீட்டை வாங்கிக்கொள்பவன் பார்த்துக்கொள்வான் என்பது எல்லோரும் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்துக்கொண்ட நினைப்பு.

சட்டம் வந்த வரிசையைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கல்யாணமான மகளும், அவளுக்கு வருமானம் இருந்தால், பெற்றோருக்கு ஜீவனாம்சம் கொடுக்கக் கடமைப்பட்டவள் என்று உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிரத்து வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொன்னது 1987-இல். கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது 1989-இல், அதுவும் அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. ஆந்திரா அதற்கு முன்பே செய்தது, கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994-இல். நாடு முழுக்க வந்தது 2005-இல். அதிலும் அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா வேண்டாமா என்று பதினைந்து வருஷம் இழுபறி, வேண்டாம் என்று 2020-இல் தான் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. இடையில் 2007-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது, அதில் பிள்ளைகள் என்றால் மகன், மகள் இருவரும் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கிறது. தமிழ்நாட்டு மகளைப் பொறுத்தவரை கடமை முதல் பஸ்ஸில் வந்துவிட்டது, சொத்து அடுத்த பஸ்ஸில் வந்தது.

ஜப்பான்காரர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அங்கேயும் நம் கதைதான். மூத்த மகனுக்கு வீடு, மூத்த மகனின் மனைவிக்கு மாமனார் மாமியார். 1947-இல் பழைய குடும்ப முறையைச் சட்டத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் மருமகளின் கையில் இருந்து கஞ்சிக் கிண்ணத்தை யாரும் வாங்கவில்லை. 2000-இல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தது. நாற்பது வயதானவர்கள் எல்லோரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். 65-க்கு மேல் தேவைப்படும்போது வீட்டுக்கு ஆள் வருகிறார்கள். அப்புறம் 2019-இல் ஒரு சட்டத்திருத்தம் அமலானது. மாமனாரையோ மாமியாரையோ கூலி இல்லாமல் பார்த்துக்கொண்ட மருமகள், வாரிசு இல்லை என்றாலும், அந்த உழைப்புக்காக வாரிசுகளிடம் பணம் கேட்கலாம். இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். "ஏட்டி, அப்படிக் கேக்க ஆரம்பிச்சா எங்க அத்தை வீட்டுல எனக்கு எவ்வளவு வரணும்?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாள். அத்தை என்றது அவள் மாமியாரை, என் ஆச்சியை. படுக்கையில் கிடந்த ஆச்சிக்குக் கடைசி வரை எல்லாம் செய்தது அம்மாதான். வீடும் வயலும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும். ஜப்பானில் இன்னொன்றும் உண்டு, புருஷன் செத்த பிறகு ஒரு படிவம் கொடுத்தால் புருஷன் வீட்டாரோடு இருக்கும் சட்ட உறவை மனைவி முடித்துக்கொள்ளலாம். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றும், வெள்ளைக்காரன் வயசானவர்களை முதியோர் இல்லத்தில் தள்ளிவிடுகிறான், நாம்தான் தெய்வமாக வைத்துப் பார்க்கிறோம் என்று. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், வீட்டில் பெட்பேன் வைத்தே அறியாதவர்கள். ஜெர்மனியில் 1995-இல் இருந்து பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது, அங்கே பராமரிப்புத் தேவைப்படும் முதியவர்களில் பெரும்பாலானோர் வீட்டிலேயேதான் இருக்கிறார்கள், குடும்பத்தார் பார்த்துக்கொண்டால் அந்த முதியவருக்குக் காப்பீட்டில் இருந்து மாதாமாதம் பணம் வருகிறது. முதியோர் இல்லச் செலவுக்குப் பிள்ளைகளிடம் அரசு கை நீட்டும் வழக்கமும் அங்கே உண்டு, 2020-இல் இருந்து வருடத்துக்கு ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் சம்பாதிப்பவர்களிடம் மட்டும். இந்தப் பக்கம் பார்த்தால், பெற்றோர் பக்தி என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லும் சிங்கப்பூர் 1995-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. தனியே இருக்கும் பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று சீனா 2013-இல் சட்டத்திலேயே எழுதிவிட்டது. நாமும் 2007-இல் போட்டோம். தெய்வமாக வைத்திருந்தால் இத்தனை நாட்டில் கோர்ட்டுக்கு என்ன வேலை?

நம் நாட்டில் வீட்டு வேலை யார் தலையில் என்பதற்கு அரசாங்கமே கணக்கு எடுத்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது 299 நிமிடம், அந்த வேலையைச் செய்த ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், ஆண்களும் விடாமல் கூடவே ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் வீட்டிலும் அந்தப் பாரத்தைத் தூக்குவது நான் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் ஆபீஸ் போகும் நாட்களில் அம்மாவோடு இருப்பது ஒடிசாவில் இருந்து வந்த ஒரு பெண், ஏஜென்சி மூலமாக. அவள் அம்மாவைக் குளிப்பாட்டி, வாக்கரோடு நடக்கவைத்து, மாத்திரை கொடுத்து, தனக்குத் தெரிந்த பத்துத் தமிழ்ச் சொற்களை வைத்தே அவளோடு சண்டையும் போடுவாள். அவளுடைய சின்னப் பையன் ஊரில் பாட்டியிடம் வளர்கிறான். இத்தாலியில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள உக்ரைனில் இருந்தும் மால்டோவாவில் இருந்தும் பெண்கள் போகிறார்கள், பிலிப்பைன்ஸ் பெண்கள் ஹாங்காங்கில் அடுத்தவர் பிள்ளையைத் தூக்கி வளர்க்கிறார்கள், நம் பக்கத்து நர்சுகள் பாதி உலகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வீட்டில் விழும் ஓட்டையை அடைக்க இன்னொரு வீட்டில் இருந்து ஒரு பெண் கிளம்புகிறாள், அங்கே விழும் ஓட்டையை ஒரு பாட்டி அடைக்கிறாள். அந்தப் பாட்டி விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று நான் அவளிடம் கேட்டதில்லை. சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுக்கிறேன், ஞாயிறு கட்டாய விடுமுறை. அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

போன மாதம் பெரியம்மாவிடம் இருந்து போன். வீட்டைப் பெரிய மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கப் போகிறாளாம், நல்ல நாள் பார்த்தாயிற்றாம். நான் ஒன்றே ஒன்று சொன்னேன். 2007 சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, எழுதிக்கொடுப்பவரைக் கடைசி வரை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பத்திரத்திலேயே நிபந்தனையாக ஒரு வரி சேர்த்துவிட்டால், பார்க்காமல் போகும் பட்சத்தில் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்டிஓவிடம் போய்ப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லலாம், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் பெரியம்மா என்றேன். பெரியம்மா அதை அப்படியே மகனிடம் சொல்லியிருக்கிறாள். அண்ணனுக்குக் கோபம் வந்து, பெத்த பிள்ளைமேல் நம்பிக்கை இல்லையா, பெங்களூர்க்காரி பேச்சைக் கேட்டு ஆடுகிறாயா என்று இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. எனக்கும் போன் செய்து, "நீ உன் வீட்டைப் பாரும்மா" என்று வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் இருவருமாகப் பத்திர எழுத்தரிடம் போயிருக்கிறார்கள். அந்த வரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அங்கே வைத்தும் வாக்குவாதம். எழுத்தர் கம்ப்யூட்டரில் இருந்து கண்ணை எடுக்காமலே, அது ஏற்கெனவே அடித்தாயிற்று, இப்போதெல்லாம் அம்மா அப்பா எழுதிக்கொடுக்கும் பத்திரம் எதுவானாலும் கேட்காமலே போட்டுவிடுவேன், வேண்டாம் என்றால் மகன்தான் வாய்விட்டுச் சொல்லி எடுக்கச் சொல்ல வேண்டும் என்றாராம். அண்ணன் சொல்லவில்லை.